பதினெட்டாவது படம்

ஏப்ரல் 9, வியாழன்

அக்காவுக்கு,

உடல்நலம் விசாரித்துக் கடிதத்தைத் தொடங்குவது முறை. ஆனால் ஐந்து மாதமாக நாம் பேசிக்கொள்ளவில்லை. திடீரென்று விசாரித்தால் ஏதோ காரியமாகத்தான் எழுதுகிறேன் என்று நினைப்பாய். காரியமாகத்தான் எழுதுகிறேன். ஆகவே விசாரிக்கவில்லை.

காட்டோரத்தில் வனத்துறையின் தகரக் கூரை அறை ஒன்றில் இருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜையின் நான்காவது காலுக்குப் பதிலாகச் செங்கற்கள். போன் எடுக்காது. வியாழன் மதியம் சாமான் ஜீப் வரும். டிரைவர் அரைமணி நேரம் இருந்துவிட்டு மலையிறங்குவார். அவரிடம்தான் இந்தக் கடிதத்தையும் படங்கள் இருக்கும் மெமரி கார்டையும் கொடுத்தனுப்புகிறேன். வழக்கம்போல எதையும் அழிக்கவில்லை. பொறுக்குவது உன் வேலை.

ஒரு தாய் நரி, நான்கு குட்டிகள். ஆண் நரியை ஒரு நாளும் பார்க்கவில்லை. வளையிலிருந்து நாற்பதடி தள்ளி வேனை நிறுத்தி, ஆறு நாளாக அதை அசைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் தாய் என்னை முறைத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் வேனை ஒரு பாறை என்று முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது. இப்போது வெயில் ஏறினால் வேனுக்கடியில் வந்து படுத்துத் தூங்குகிறது. என் காலுக்குக் கீழே, ஒரு தகடு தள்ளி, ஒரு காட்டு விலங்கு குறட்டை விடுகிறது. இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை இதுதான்.

மே 31 புகைப்படப் போட்டிக்குக் கடைசி நாள். சென்ற ஆண்டு நடந்ததற்குப் பிறகு குழுவினர் படிவத்தில் ஒரு பக்கம் சேர்த்திருக்கிறார்கள். படத்தைப் பொறுக்கியவர் கையெழுத்திட வேண்டும்: வரிசை எண் விடாமல் எல்லாப் படங்களையும் பார்த்தேன், எதையும் சேர்க்கவில்லை, நீக்கவில்லை, விலங்கை எதையும் காட்டி வரவழைக்கவில்லை என்று. நீ போடுவாய் என்று நம்புகிறேன்.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

காரியக் கடிதம் கிடைத்தது.

“சென்ற ஆண்டு நடந்தது” என்று எழுதியிருக்கிறாய், ஏதோ மழை பெய்தது போல. நடந்தது இது: கொக்கின் காலில் சுற்றியிருந்த நைலான் கயிற்றைப் படத்திலிருந்து எடுக்கச் சொன்னாய். “கொஞ்சம் சுத்தம் பண்ணிடுக்கா” என்பது உன் வாசகம். பண்ணினேன். பரிசு வந்தது. பிறகு யாரோ ஒருவர் அதே கொக்கை அதே கயிற்றோடு எடுத்த படத்தைக் காட்டினார். குழுவினர் கேட்டபோது, “ஸ்டூடியோவுல அக்கா பண்ணிட்டாங்க, எனக்குத் தெரியாது” என்றாய். பரிசு போயிற்று. என் பெயர் போயிற்று. கயிறு மட்டும் கொக்கின் காலிலேயே இருக்கிறது.

இருந்தாலும் படங்களைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியாது, அது என் வியாதி. இருநூற்றுப் பத்து படங்கள். நூற்று அறுபதில் தாயின் பின்பக்கம். மிக அழகான பின்பக்கம், ஆனால் பரிசுக்குப் போதாது.

எண் விடாமல் அனுப்பியிருப்பதற்கு நன்றி. நீ முதன்முதலில் எடுத்த கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? மாப்பிள்ளையின் அப்பா கொட்டாவி விட்ட படங்களையெல்லாம் மண்டபத்திலேயே அழித்துவிட்டு வந்தாய். வீட்டில் வந்து பார்த்தால் கல்யாணமே மிஞ்சவில்லை. அன்றைக்கு நான் போட்ட விதிதான் இது: எடுப்பவன் அழிக்கக் கூடாது. வேறு எந்த விதியையும் நீ இத்தனை வருடம் காப்பாற்றியதில்லை.

படிவத்தில் ஒட்ட உன் புகைப்படமும் வேண்டுமாம். என்னிடம் இருப்பது உனக்குப் பத்தொன்பது வயதில் எடுத்தது. அதில் மீசை வரப்போகிறது என்ற நம்பிக்கையோடு இருக்கிறாய். ஊரையெல்லாம் படம் பிடிக்கிறவன் கேமராவுக்கு முன்னால் உட்காரமாட்டேன் என்று இருபது வருடமாக அடம்பிடிப்பதை நான் எந்தக் குழுவிடம் சொல்வது?

கையெழுத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

அக்கா


ஏப்ரல் 23, வியாழன்

அக்கா,

போன வாரம் எழுதவில்லை. காய்ச்சல் மாதிரி இருந்தது.

இந்தக் கார்டைப் போட்டுப் பார்ப்பதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்துகொள். குட்டிகள் கேமராவிடம் வந்துவிட்டன. பக்கத்தில் என்று சொல்லவில்லை; கேமராவிடமே. ஒன்று முக்காலியின் காலைக் கடித்து இழுக்க, இன்னொன்று அது விழுமா என்று எதிரில் உட்கார்ந்து பார்க்கிறது. கேமராவின் தோள்வாருக்கு இரண்டு பேர் கயிறிழுக்கும் போட்டி நடத்துகிறார்கள். லென்ஸ் மூடி நாலு இருந்தது, ஒன்றுதான் மிச்சம். தூசி ஊதும் ரப்பர் குமிழை ஒன்று கடித்தது. அது கீச்சென்று கத்தவும் மூவரும் வளைக்குள் ஓடினார்கள். கால் மணி நேரம் கழித்து வந்து மறுபடி கடித்தார்கள், மறுபடி ஓடினார்கள். மதியம் வரை இதே வேலை.

மைக்கின் மேல் காற்றுச் சத்தத்துக்காக மாட்டும் உரோமத் தொப்பி உனக்குத் தெரியும். சாம்பலும் பழுப்புமாக, அணில் வால் போல. அதைத்தான் கட்டிப்பிடித்துத் தூங்குகிறார்கள்.

நான் ஒரு கேமராவை மண்ணில் வைத்துவிட்டு, தள்ளியிருந்து இன்னொன்றால் எடுத்தேன். ஒரு குட்டி பின்னங்காலில் நின்று கேமராவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்துப் பார்க்கும் படம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடலாமா என்று நீயே சொல்.

ஜீப் டிரைவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, “என்ன சார், நரிக்கெல்லாம் தொழில் கத்துக் குடுக்கறீங்க, நாளைக்கு உங்க பொழப்பு என்னாவறது?” என்றார்.

தம்பி


ஏப்ரல் 26

தம்பிக்கு,

சிரித்தேன். அதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன், இனி மறுக்க முடியாது.

கண் வைத்துப் பார்க்கும் குட்டியைப் பெரிதாகப் போட்டு ஸ்டூடியோ சுவரில் மாட்டினேன். பாஸ்போர்ட் படத்துக்கு வரும் கூட்டம் உட்கார வேண்டிய திசையை விட்டுச் சுவரைப் பார்த்து உட்காருகிறது. நேற்று ஒரு பெரியவரிடம், சிரித்தால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னேன். “நரி சிரிக்கலாம், நான் சிரிக்கக் கூடாதா?” என்றார். “அதுக்கு வெளிநாடு போற வேலை இல்லைங்க” என்றேன். அதற்கும் சிரித்தார். நான்கு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

இனி நான் கேட்க வேண்டியது.

நீ கையில் வைத்திருக்கும் கேமராவில் 411 வரை வரிசையாக இருக்கிறது. அடுத்த படம் 430. நடுவில் பதினெட்டுப் படங்கள் இல்லை. 411 ஏப்ரல் 14 காலை ஆறு மணி பத்து நிமிடம். 430 ஏப்ரல் 17. மூன்று நாள் நீ கேமராவைத் தொடவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் ஜன்னல் வழியாகக் காக்கையை எடுத்தவன் நீ.

இன்னொன்று. 411 வரை தாய் இருக்கிறது. 430-லிருந்து முந்நூற்றுச் சொச்சம் படங்கள் பார்த்தேன், ஒரு வால்கூட இல்லை. குட்டிகள் விடிகாலையிலிருந்து சாயங்காலம் வரை கேமராவோடு விளையாடுகின்றன. ஒரு தாயும் வந்து, போதும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

தாய் எங்கே?

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

ஜீப் காத்திருக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

தாய் இரை தேடப் போயிருக்கும். குட்டிகள் வளர வளரத் தாய் தூரம் போவது இயல்பு.

அந்தப் பதினேழு படங்கள் தனிக் கார்டில் இருந்தன. மஞ்சள் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பையின் பக்கவாட்டில் வைத்திருந்தேன். குட்டி ஒன்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் எங்கேயோ புதைத்துவிட்டது. நரி அப்படிச் செய்யும். பிறகு வேண்டும் என்று தோன்றுவதையெல்லாம் புதைத்து வைக்கும். தோண்டிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை, வெளிச்சம் பார்க்க எடுத்த படங்கள்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து. தயவுசெய்து அடுத்த ஜீப்பில் அனுப்பு.

தம்பி


மே 3

தம்பிக்கு,

பள்ளிக்கூடத்தில் உன் கணக்கு நோட்டை ஆடு தின்றது. ஆறாம் வகுப்பில் இரண்டு முறை தின்றது. நம் தெருவில் அப்போது ஆடே கிடையாது. இப்போது நரி புதைத்துவிட்டது. வயதாக ஆக உன் சாட்சிகள் காட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

இல்லாதவை பதினெட்டு. நீ பதினேழு என்கிறாய். உனக்கு எண்ணத் தெரியும் என்பதால் இது என்னை உறுத்துகிறது.

தென்படாத தாயைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். பள்ளிப் பாடம் போல இருக்கிறது. நீ நேரில் பார்த்ததை எழுதினால் இப்படி எழுதமாட்டாய். குறட்டை விடுகிறது என்று எழுதினவன் நீ.

நேற்று முழுக்க ஸ்டூடியோவை மூடிவிட்டுக் குட்டிகளை எண்ணினேன். வலது முன்காலில் மட்டும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட குட்டி ஒன்று இருந்ததே, கேமராவில் கண் வைத்துப் பார்த்தது, நான் சுவரில் மாட்டியிருப்பது. அது 530 வரை இருக்கிறது. 480-லிருந்து அதன் விலா எலும்பு தெரிகிறது. 510-லிருந்து அது விளையாடவில்லை, மைக் தொப்பியின் மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறது. 530-க்குப் பிறகு மூன்று குட்டிகள்தான். உன் கடிதத்தில் “மூவரும் ஓடினார்கள்” என்று நீயே எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நான் சிரித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

ஊரே செல்லம் கொஞ்சும் படத்தில் அந்தக் குட்டி விளையாடவில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அது எதையோ தேடுகிறது.

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.

அக்கா


மே 7, வியாழன்

அக்கா,

டிரைவரை ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். “இன்னும் எத்தனை பக்கம் சார், காப்பி வேணா போடட்டா?” என்கிறார்.

ஏப்ரல் 14 காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வளையின் வாயில் வெளிச்சம் விழுந்தது. நான் நிறுத்தியிருந்த இடத்திலிருந்து ஒரு மரக்கிளை மறைத்தது. பத்தடி பின்னால் போனால் போதும். வேனைக் கிளப்பினேன். வெயில் ஏறினால்தான் அது வேனுக்கடியில் வரும் என்று எனக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கு அதற்குத் தெரியாது.

பத்து நாள் அசையாமல் நின்ற வண்டி. நான்தான் அதை நம்ப வைத்தேன்.

இறங்கினேன். இதற்குப் பிறகு எழுத வேண்டியதை மூன்று வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இறங்கியபோது என் கையில் கேமரா இருந்தது. கார்டு நிறைந்திருந்தது, புதிதாக ஒன்று போட்டேன். பெரிய லென்ஸுக்குத் தூரம் போதாது என்று சின்ன லென்ஸை மாட்டினேன். மாட்டினேன், அக்கா. கழற்றி, மூடி, மாட்டி. பதினேழு படம் எடுத்தேன். நடுவில் இரண்டு முறை வெளிச்சத்தைச் சரி செய்தேன். முதல் ஐந்து படம் வரை அதற்கு மூச்சு இருந்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது.

பிறகுதான் கேமராவைப் புல்லில் வைத்துவிட்டு அதைத் தூக்கினேன். ஓடையோரம் புதைத்தேன். கார்டைக் கழற்றி டப்பாவில் போட்டேன். ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அழிக்கவும் இல்லை. உன் விதி.

இரண்டு நாள் குட்டிகள் வளைக்குள்ளிருந்து கத்தின. புதைப்பதற்கு முன் மைக் தொப்பியைத் தாயின் விலாவில் அழுத்தித் தேய்த்து வைத்திருந்தேன். குட்டிகளுக்கு அந்த வாசனையாவது இருக்கட்டும் என்றுதான். பரிதாபம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆனால் அது பரிதாபம்தான். அதை வளையின் வாயில் வைத்தேன். வெளியே வந்து அதன் மேல் ஏறிப் படுத்தார்கள். டின் இறைச்சியைப் பிசைந்து வைத்தேன், தின்றார்கள்.

மறுநாள் தொப்பியை இரண்டடி தள்ளி வைத்தேன். கேமரா பக்கமாக. அதற்கு மறுநாள் இன்னும் இரண்டடி. அந்த முதல் இரண்டடி வரைக்கும் பரிதாபம்.

வெள்ளைக்கால் 21-ஆம் தேதி காலையில் எழுந்திருக்கவில்லை. வன அலுவலகத்தில் சொன்னால் குட்டிகளை எடுத்துப் போவார்கள் என்று தெரியும். சொன்னால் படம் போய்விடும் என்றும் தெரியும். மே 31 வரை சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். மூவரில் ஒன்றுக்கு இப்போது கண் சீழ் பிடித்திருக்கிறது.

டப்பாவைக் குட்டி தூக்கிப் போனது மட்டும் பொய்யில்லை.

தம்பி


மே 8

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் கால்நடை மருத்துவர். அடுத்த வியாழன் வரை காத்திருக்கவில்லை. நின்று படித்துக்கொண்டிருக்காதே. அவரைக் கூட்டிக்கொண்டு போய் வளை எங்கே என்று காட்டு.

வன அலுவலகத்துக்கு நான் சொல்லப்போவதில்லை. நீ சொல்.

அக்கா


மே 14, வியாழன்

அக்கா,

மருத்துவர் அம்மாள் உன் ஆள்தான் என்பது இறங்கிய மறு நிமிடமே தெரிந்துவிட்டது. குட்டிகள் என்னைக் கண்டதும் ஓடிவந்து ஷூ நாடாவை இழுத்தன. “பாத்தீங்களா, இதுதான் வியாதி. கண்ணுல இருக்கறது வெறும் சீழ்” என்றார். நான் ஒரு குட்டியைத் தூக்கக் குனிந்தேன். “தொடாதீங்க. இனிமே நீங்க தொட்டது போதும்” என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

அவர் கொண்டுவந்த கூண்டுக்குள் அவை போகவில்லை. இறைச்சி வைத்தும் போகவில்லை. கடைசியில் நான் மைக் தொப்பியைக் கொண்டுவந்து கூண்டின் கடைசியில் வைத்தேன். வரிசையாக உள்ளே போயின. கூண்டுக் கதவை நான்தான் மூடினேன். அந்தத் தந்திரம் எனக்கு நன்றாக வரும் என்று உனக்குத் தெரியும்.

சீழ் பிடித்த குட்டி வழியிலேயே இறந்துவிட்டது. மற்ற இரண்டும் காப்பகத்தில் இருக்கின்றன. மனித வாடையை மறக்க மாதங்கள் ஆகுமாம். மறந்தால் காட்டில் விடுவார்கள். மறக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

புறப்படுவதற்கு முன், உள்ளே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று அவர் வளையைத் தோண்டிப் பார்த்திருந்தார். நாலு லென்ஸ் மூடியில் மூன்று, ரப்பர் குமிழ், என் இடது கையுறை, மஞ்சள் டப்பா. பல் பதிந்திருக்கிறது, கார்டு உடையவில்லை. அப்படியே அனுப்புகிறேன். நான் பார்க்கவில்லை. என்னால் முடியாது.

நேற்று அறுபது கிலோமீட்டர் இறங்கி வன அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி ஒரு பழைய ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, “இதை எந்தத் தலைப்புல எழுதறது?” என்று அரைமணி நேரம் யோசித்தார். என் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டார். வழக்கு உண்டாம். வாக்குமூலத்தில் ஒட்ட இரண்டு பாஸ்போர்ட் படம் கேட்கிறார்.

போட்டிப் படிவத்தைக் கிழித்துவிட்டேன். குழுவுக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கிறேன், கொக்கின் காலில் இருந்த கயிற்றை எடுக்கச் சொன்னது நான் என்று.

தம்பி


மே 17

தம்பிக்கு,

கார்டைப் பார்த்தேன். நீ பார்க்காத படங்களை நான் பார்ப்பது என்றுதானே ஏற்பாடு.

பதினேழும் நீ சொன்னபடியே இருக்கின்றன. மிகவும் நல்ல படங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய் சொன்னவளாவேன். பதினோராவது படத்தை நான் மறக்கப்போவதில்லை, அதற்காக உன்னை மன்னிக்கப்போவதும் இல்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் பதினெட்டு இருக்கிறது. நீயும் சரி, நானும் சரி.

பதினெட்டாவது நீ எடுத்ததில்லை. கேமராவைப் புல்லில் வைத்தாயே, அப்போது எடுக்கப்பட்டது. அடிவானம் முப்பது டிகிரி சாய்ந்திருக்கிறது. முன்னால் ஒரு புல் மட்டும் துல்லியம், பின்னால் எல்லாம் மங்கல். தூரத்தில் ஒரு ஆள் மண்டியிட்டு நரியை மடியில் போட்டு, அதன் கழுத்தில் முகத்தை வைத்திருக்கிறான். வாய் திறந்திருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்து அழுகிற வாய். படத்தின் ஓரத்தில், லென்ஸுக்கு மிக அருகில், ஒரு குட்டியின் முன்கால் மங்கலாகத் தெரிகிறது. சாக்ஸ் போட்டிருக்கிறது. இன்னொரு காலைப் பொத்தானில் வைத்திருக்க வேண்டும்.

நீ மூன்று நாள் கழித்துத்தான் குட்டிகள் வெளியே வந்தன என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வெள்ளைக்கால் அன்றைக்கே வந்துவிட்டது. நீ பார்க்கவில்லை. அது பார்த்திருக்கிறது.

அது முதலில் முகர்ந்தது கேமராவில் ஒட்டியிருந்த உன் கை வாசனையைத்தான். விளையாட்டு அங்கே ஆரம்பித்தது.

சுவரிலிருந்த படத்தை எடுத்துவிட்டேன். பாஸ்போர்ட் பெரியவர் படத்தை வாங்க வந்தவர் காலிச் சுவரைப் பார்த்து, “எங்கம்மா அந்தக் குட்டி?” என்றார். “இல்லைங்க” என்றேன். தன் படத்தைப் பார்த்துவிட்டு, “பரவால்ல, சிரிக்காமத்தான் வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் வாக்குமூலத்துக்கு இந்தப் பதினெட்டாவது படத்தை வெட்டி அனுப்பலாமா என்று நினைத்தேன். இருபது வருடத்தில் உன்னை யாரோ எடுத்த ஒரே படம் இதுதான். ஆனால் அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள். முகம் முழுதாகத் தெரியவில்லை. கண் மூடியிருக்கிறது.

ஆகவே நேரில் வா. இறங்கி நேராக ஸ்டூடியோவுக்கே வா, வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வர வேண்டாம். நாற்காலியைச் சுவரைப் பார்க்காமல் திருப்பிப் போட்டிருக்கிறேன். முகவாயைக் கொஞ்சம் இறக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்க்க வேண்டும். சிரிக்கக் கூடாது என்று உன்னிடம் சொல்ல வேண்டியிருக்காது.

அக்கா